உடலுக்கு உடையவன் யார்?

தோட்டத்தில் பிறந்தவனுக்கு உடல் என்பது முதற்கண் ஒரு கணக்கு. விடியற்காலைப் பெரட்டில் வந்து நின்றால் ஒரு பேர். நில்லாவிட்டால் அந்நாளுக்குப் பேர் இல்லை. கிராணியாகிய என் கை நாள்தோறும் எழுதுவது இந்தக் கணக்கைத்தான். செம்பனைக் குலை வெட்டிய கை, உரமூட்டை சுமந்த தோள், நிரை நிரையாய் நடந்து மருந்தடித்த கால் என்று மனிதனின் உறுப்புகள் தனித்தனியே பிரிந்து ஏட்டில் ஏறுகின்றன. மாதக் கடைசியில் அவை ரிங்கிட்டாகவும் காசாகவும் மாறி இறங்குகின்றன. இவ்வுடல்களுக்கு உடையவன் யார் என்று ஏடு கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் நாம். நாமோ தலைமுறை தலைமுறையாக அதனைக் கேளாமலே காலம் கழித்துவிட்டோம்.

இக்கேள்வியை என் உள்ளத்தில் ஊன்றியது ஒரு வேற்று நாட்டாரின் வரலாறு. விக்தர் இவானோவிச் சுக்காரின் என்பது அவர் பெயர். உதைபந்தாட்டக்காரர் பெயர்களை நம் சிறுவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பர். ஓட்டக்காரர் சிலரையும் அறிவர். கம்பியில் தொங்கிச் சுழன்றவரை யார் நினைவில் வைக்கிறார்? எனினும், வாசக நண்பர்களே, கெடா மாநிலத்துத் தோட்டத் தமிழர் எவரையும்விட நெருங்கி அறிந்துகொள்ள வேண்டிய மனிதர் இவர் என்பேன். காரணத்தை இக்கட்டுரையின் போக்கில் காண்பீர்கள்.

சுக்காரின் 1921 ஆம் ஆண்டு நவம்பர் 9 ஆம் நாள், அந்நாளில் சோவியத் ஆட்சியின்கீழ் இருந்த உக்ரேன் நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் பிறந்தவர். தந்தை கொசாக்கு மரபினர்; தாய் கிரேக்க மரபினர். வளர்ந்தது கடற்கரை நகரமாகிய மரியுபோலில். இரும்பாலைகள் மலிந்த அவ்வூர் 2022 ஆம் ஆண்டுப் போரில் முற்றுகைக்கு உள்ளாகிப் பெரும்பாலும் இடிபாடாயிற்று என்பதை இன்றைய செய்தித்தாள் படிப்போர் அறிவர். அவ்வூர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியர் சிறுவர்களைக் கம்பியில் ஏற்றிப் பழக்கினார். அங்கேதான் சுக்காரினும் கம்பியைப் பற்றினார். பின்னர்க் கீவ் நகரில் உடற்பயிற்சிக் கல்வி பயின்று, இருபது வயதை எட்டுமுன்னரே உக்ரேன் நாட்டின் தேர்ந்த வீரருள் ஒருவராய் எண்ணப்பட்டார்.

ஜிம்னாஸ்டிக் என்று மேல்நாட்டார் கூறும் இக்கலையில் ஆடவர்க்கு ஆறு பிரிவுகள் உண்டு. தரைமீது கரணம் போடுதல். பிடிகள் பொருத்திய மரக்குதிரைமீது கைகளை ஊன்றிக் கால்களைச் சுழற்றுதல். மேலிருந்து தொங்கும் இரு வளையங்களைப் பற்றி நிற்றல். ஓடிவந்து குதிரையைத் தாண்டுதல். டபுள் பார் என நம்மவர் கூறும் இணைக்கம்பி. சிங்கிள் பார் எனும் ஒற்றைக்கம்பி ஆகியவை அவை. சுக்காரின் காலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் எல்லார்க்கும் பொதுவாய் விதிக்கப்பட்ட பயிற்சி ஒன்றும், அவரவர் தாமே அமைத்துக்கொண்ட பயிற்சி ஒன்றும் செய்துகாட்ட வேண்டும். ஆகப் பன்னிரண்டு; ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த அளவு 10 புள்ளி; மொத்தம் 120. முழங்கால் மடங்கினால் கழிவு. கால்விரல் நீளாவிட்டால் கழிவு. இறங்கும்போது ஓரடி நகர்ந்தாலும் கழிவு. வலிமை மட்டும் இருந்தால் போதாது. வலிமை தன் சொற்படி கேட்கவேண்டும். ஏவுகிறவனும் ஏவலுக்கு அடங்குகிறவனும் ஒருவனாகவே இருக்கும் தொழில் இது. நம் தோட்டங்களில் இவ்விருவரும் எப்போதும் வெவ்வேறு ஆட்களாகவே இருந்து வந்தனர் என்பதை நினைவிற் கொள்க.

1941 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெர்மானியப் படை சோவியத் நாட்டினுள் புகுந்தது. சுக்காரின் தாமே முன்வந்து படையிற் சேர்ந்தார். அதே ஆண்டில் பொல்டாவா நகருக்கு அருகில் நடந்த போரில் பகைவர் கையிற் சிக்கினார். அதன்பின் நான்காண்டுகள் சிறைமுகாம் வாழ்க்கை. பதினேழு முகாம்களில் மாறி மாறி அடைக்கப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். உலகம் நடுங்கும் புக்கன்வால்டு முகாமும் அவற்றுள் ஒன்று. ஜெர்மானியர் கையிற் சிக்கிய சோவியத் வீரர் ஏறத்தாழ 57 லட்சம் பேர். அவர்களுள் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் குளிராலும் கொலையாலும் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலர் ஒப்பும் கணக்கு. முகாமில் மனிதனுக்குப் பெயரில்லை, எண் உண்டு. போர் முடியுந் தறுவாயில் கைதிகளை ஒரு படகில் அடைத்துக் கடலில் மூழ்கடிக்க முயன்றனர் என்றும், பிரிட்டிஷ் படையினர் வந்து மீட்டனர் என்றும் கூறுவர். வீடு வந்து சேர்ந்தபோது அவர் உடலின் எடை 40 கிலோ. பெற்ற தாயே அவரை அடையாளம் அறியாமல், தலையிலிருந்த பழைய தழும்பைக் கண்டபிறகே மகன் என்று தெளிந்தாளாம்.

இதைப் படித்தபோது நூல் என் கையிலிருந்து சற்றே தாழ்ந்தது. ஏனெனில் இக்கதையின் பாதியை நான் முன்னமே அறிவேன். ஆங்கில நூல் எதிலும் அதை நான் படித்ததில்லை. எங்கள் லயத்து வாசலில் கேட்டிருக்கிறேன்.

என் பாட்டனார் சுக்காரினுக்கு இரண்டே வயது இளையவர். பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கித்தா மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பானியர் காலத்தில், மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு என்று சொல்லி அவரையும் அவர் வயதொத்த இளைஞரையும் சரக்கு வண்டியில் ஏற்றினர். வண்டி வடக்கே சென்று, எல்லை கடந்து, சயாம் நாட்டின் பான் போங் என்னுமிடத்தில் இறக்கிற்று. அங்கிருந்து பர்மாவின் தன்பியூசயாட்டு வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, காட்டையும் மலையையும் அறுத்துப் பாதை போடவேண்டும். 1942 இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர் 70,000க்கு மேற்பட்டோர் என்பர். அவருள் பெரும்பாலார் தோட்டத் தமிழர். பல நாட்டு ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுவோர் உண்டு. வாந்திபேதி, மலைக்காய்ச்சல், சீதபேதி, காலைத் தின்னும் புண் ஆகிய நான்கும் மூங்கிற் காட்டில் நம்மவரைக் குவியல் குவியலாய்ச் சாய்த்தன.

காஞ்சனபுரியில் வெள்ளையர் படைக்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாய் உள்ளன. பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் படைப்பிரிவும் உண்டு. அது தகும், அவர்களும் கொடுமைப்பட்டவர்களே. ஆனால் அதே பாதையில் மாண்ட தமிழருக்குப் பெயர் பொறித்த கல் எங்கே? பேர் போடுவதையே தொழிலாகக் கொண்ட தோட்டத்தார், பேர் போடாமற் போன ஒரே இடம் அதுவாகும்.

பாட்டனார் திரும்பி வந்தார். கெண்டைக்காலில், புண் ஆறிய இடத்தில், ஒரு கோழிமுட்டை வைக்குமளவு குழி இருந்தது. நான் சிறுவனாயிருந்தபோது அதில் விரல் வைத்துப் பார்ப்பேன். அவர் ஒன்றும் சொல்லார். எங்கள் லயத்திலும் தாய் மகனை அறியாமல் நின்ற வீடுகள் உண்டென்று கிழவிகள் சொல்லுவர். இதுவரை இரு வரலாறும் ஒன்றே. இதற்குமேல்தான் பிரிகின்றன. பிரிந்த இடத்தைக் கூர்ந்து நோக்குவதே நம் கடமை.

1945 இல் 40 கிலோ எடையுடன் வந்த சுக்காரின் என்ன செய்தார்? ல்வீவ் நகரத்தில் உடற்கல்வி நிலையம் ஒன்று 1946 இல் தோன்றிற்று. அதில் மாணவராய்ச் சேர்ந்தார். கையால் உடலைத் தூக்கவியலாதவர் மறுபடியும் கம்பியைப் பற்றினார். அவ்வாண்டு நடந்த போருக்குப் பிந்திய முதல் தேசியப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 12 ஆம் இடம். மறு ஆண்டு 5 ஆம் இடம். 1948 இல் முதல் பட்டம். 1949 முதல் 1951 வரை நாட்டின் ஒட்டுமொத்தச் சாம்பியன். 1950 இல் படிப்பையும் முடித்தார்.

1952 ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் சோவியத் நாடு முதன்முதலாகக் கலந்துகொண்டது. சுக்காரினுக்கு அப்போது வயது 30. அக்கலையில் அது முதுமை. எனினும் 115.70 புள்ளி பெற்று ஒட்டுமொத்த முதலிடத்தைக் கைக்கொண்டார். குழுவுக்கும், குதிரை தாண்டலுக்கும், பிடிக்குதிரைக்கும் தங்கம். வளையத்துக்கும் இணைக்கம்பிக்கும் வெள்ளி. இரண்டாம் இடம் பெற்றவர் ஆர்மீனியராகிய கிராந்து ஷாகின்யான். அவர் போரில் காலிற் காயம்பட்டு நொண்டி நடந்தவர். முதல்வர் முகாமில் எலும்பாய்க் கிடந்தவர். இரண்டாமவர் கால் ஊனப்பட்டவர். போர் தின்று மீதி வைத்த உடல்கள் இரண்டு உலகத்தின் தலைமேல் நின்றன! அதே மண்டபத்தில், இந்தியா முதன்முதலாக இக்கலைக்கு அனுப்பிய குஷி ராம், பீரேந்திர நந்தி என்னும் இருவரும் கலந்துகொண்டனர் என்பதையும் குறிக்கலாம்.

1954 இல் ரோமாபுரியில் உலகப் பட்டத்தைத் தம் தோழர் முராத்தவுடன் பங்கிட்டுக்கொண்டார். 1956 இல் மெல்போர்ன். வயது 35. எதிரே நின்றவர் ஜப்பானியராகிய தக்காஷி ஓனோ. அவருக்கு வயது 25. இறுதியில் சுக்காரினுக்கு 114.25, ஓனோவுக்கு 114.20. ஐந்நூறு சென்னில் ஒரு சென் கணக்குப் பிசகினாலே கிராணிக்கு இரவுறக்கம் போய்விடும். இங்கோ பன்னிரண்டு பயிற்சிகளின் முடிவில் வேறுபாடு நூற்றில் ஐந்து பங்கு. ஆக இரு ஒலிம்பிக்கிலும் அவர் பெற்ற பதக்கங்கள் பதினொன்று. தங்கம் ஏழு, வெள்ளி மூன்று, வெண்கலம் ஒன்று. மலாயா நாடு முதன்முதலில் ஒலிம்பிக் வாயிலில் நுழைந்ததும் அதே மெல்போர்ன் பந்தயத்தில்தான்.

இனி என் பாட்டனார் வரலாறு. 1945 இறுதியில் தோட்டம் திரும்பினார். அடுத்த மாதமே செக்ரோலில் பேர் ஏறிற்று. அவ்வளவுதான். முப்பத்தைந்து ஆண்டுகள் மரம் வெட்டினார், ஓய்வு பெற்றார், இறந்தார். குற்றம் ஒன்றும் செய்யாத, பெருமை ஒன்றும் கிடைக்காத வாழ்க்கை.

'அவனவன் தலையெழுத்து' என்று சொல்லி இவ்விடத்தில் ஏட்டை மூடுவோர் நம்மிடையே பலர். தலையெழுத்தாம்! எழுதியவன் எவன், எந்த மையால் எழுதினான் என்று கேட்டால் விடையில்லை. சுக்காரின் தலையில் இருந்தது தழும்பு, எழுத்தன்று. வேறுபாட்டின் காரணங்களைக் கைவிரலால் எண்ணலாம். முதலாவது, போருக்கு முன்னரே ஒரு பள்ளி ஆசிரியர் அவர் கையிற் கம்பியைக் கொடுத்திருந்தார். ஆதலால் மீள்வதற்கு ஓர் இடம் அவர் உடலின் நினைவிலேயே இருந்தது. இரண்டாவது, திரும்பியபின் நுழைவதற்கு ஒரு கல்வி நிலையம் இருந்தது. மூன்றாவது, பன்னிரண்டாம் இடம் வந்தவனை மறு ஆண்டும் நிற்கவிட்டனர். ஆசிரியர், நிலையம், மறுவாய்ப்பு ஆகிய இம்மூன்றும் தேவர் தரும் வரங்களல்ல. மனிதர் செய்யக் கூடியவை. செய்யாமல் விடக் கூடியவை.

சோவியத் ஆட்சி அன்பே உருவானது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. 1941 ஆகஸ்டில் பிறந்த 270 ஆம் எண் ஆணை சரணடைவோரைக் குற்றவாளிகளாக நடத்த வகைசெய்தது. முகாமிலிருந்து மீண்டவர்கள் சொந்த நாட்டிலே ஐயத்துக்கு உள்ளாயினர். பலர் மீண்டும் கம்பிவேலிக்குள் சென்றனர். பதக்கத்தை விரும்பிய அரசு மனித உடலைத் தன் கொடிக்கம்பமாகவும் ஆக்கிக்கொண்டது. பிற்காலத்தில் ஏலேனா மூஹினா என்னும் உலகச் சாம்பியப் பெண், கால்முறிவு முற்றும் ஆறாத நிலையில் கடும்பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டு, 1980 இல் கழுத்தெலும்பு முறிந்து, 2006 இல் இறக்கும்வரை கைகால் அசையாமற் கிடந்தாள். துரைக்காக உழைத்துத் தேயும் உடலும், அரசுக்காகச் சுழன்று முறியும் உடலும் ஒரே வகை அடிமைப்பட்டவையே. ஆகவே நான் போற்றுவது சோவியத் பதக்க எண்ணிக்கையை அன்று. பிறர் எண் குத்தி, பிறர் பட்டினி போட்டு, பிறர் எறிந்துவிட்ட உடலை ஒரு மனிதன் மறுபடியும் தனதாக்கிக்கொண்ட செயலைப் போற்றுகிறேன்.

நம்மவர் அத்தகைய முயற்சியே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தனர், அதுவும் இதே கெடாவில். 1946 இல் பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் அமைப்புத் தோன்றிற்று. சயாமினின்றும் போர்க்காலக் கொடுமையினின்றும் தப்பிய தலைமுறை, வேலை முடிந்த மாலைகளில் வெட்டவெளியில் வரிசையாய் நின்று அணிநடை பழகியது. கள்ளுக்கடைக்குச் செல்லாதே, தலை நிமிர்ந்து நட என்பவை அவர்களின் பாடம். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் காவலருடன் மோதல் ஏற்பட்டது. தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். பலர் சிறை சென்றனர். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தபின் தோட்டங்களில் நாலு பேர் கூடி நிற்பதும் ஐயத்துக்கு இடமாயிற்று. ஆண்டுகளைச் சற்றே ஒப்பிடுங்கள். அங்கே ஒருவர் 12 ஆம் இடத்தினின்று 5 ஆம் இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்த அதே பன்னிரண்டு மாதங்களில், இங்கே நிமிர்ந்து நிற்கப் பழகியவர்கள் விலங்கிடப்பட்டனர். பாட்டனாரும் அவ்வரிசையில் நின்றவர் என்று தந்தையார் சொல்வார். புண்ணாறாத காலுடன் அணிநடை! அதுவே அவருடைய ஹெல்சிங்கி போலும்.

தடைகள் யாவும் வெளியிலிருந்தே வந்தன என்று கூறி நம்மை நாமே விடுவித்துக்கொள்வதும் நேர்மையாகாது. உடற்கலையை இழிவென்று கருதும் வழக்கம் நம்மிடம் பழமையானது. கழைக்கூத்தாடி கம்பத்தின் உச்சியில் நின்று உயிரைப் பணயம் வைப்பான். கூட்டம் வாய் பிளந்து பார்க்கும். கீழே விரித்த துணியில் காசை எறியும். அவனுக்குத் திண்ணையில் இடம் தராது. கலை வியப்புக்குரியது, கலைஞன் தீண்டத்தகாதவன் என்னும் இவ்விரட்டை வழக்கைக் கப்பலேற்றி இங்கும் கொண்டுவந்தோம். ஏடு எழுதுபவன் உயர்ந்தவன், உடல் உழைப்பவன் தாழ்ந்தவன் என்று கிராணிகளாகிய எங்கள் வகுப்பு அதற்கு ஆங்கில முலாம் பூசிற்று. சட்டையில் மடிப்புக் குலையாமல் இருப்பதே படிப்பின் அடையாளம் என்று கருதிய தலைமுறைகள் எங்களுடையவை.

இவ்விரண்டையும் ஒருவரே ஆளமுடியும் என்பதற்கு நம் இனத்திலேயே சான்றுண்டு. மணி ஜெகதீசன் 1943 இல் பிறந்தவர். சயாம் பாதையில் தமிழர் மாண்டுகொண்டிருந்த அதே ஆண்டு. பதினாறு வயதில் 1960 ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஓடினார். 1962 இல் ஜகார்த்தாவில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஆசியத் தங்கம். 1966 இல் பாங்காக்கில் மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 20.92 விநாடியில் அவர் ஓடிய 200 மீட்டர் ஓட்டம் 2017 வரை மலேசியாவின் தேசியச் சாதனையாக நின்றது. ஓடிக்கொண்டே மருத்துவம் படித்துத் தேறினார். காலும் மூளையும் பகையல்ல என்று இதற்குமேல் யார் வந்து மெய்ப்பிக்க வேண்டும்? தமிழகத்து விழுப்புரத்திலும் மல்லர் கம்பம் என்னும் பழைய கலையை எளிய வீட்டுச் சிறுவரும் சிறுமியரும் பழகுகின்றனர். நட்டுவைத்த ஒரு மரக்கம்பமே அவர்களுக்கு மண்டபம், கருவி யாவும்.

நமது இன்றைய நிலையைப் பார்ப்போம். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டில் நிற்பவருள் பலர் வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேபாளியர். நம் இளைஞர் சுங்கைப் பட்டாணி ஆலைகளிலும், கூலிம் தொழிற்பேட்டையிலும், லாரிகளிலும், பினாங்குக் கடைகளிலும் வேலை செய்கின்றனர். பட்டினி போயிற்று, நோய் வந்தது. இந்நாட்டு இனங்களுள் நீரிழிவு நம்மவரிடமே மிகுதி என்பதைச் சுகாதாரக் கணக்குகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சயாமில் புண்ணுக்குக் கால் இழந்தனர் பாட்டன்மார். சர்க்கரைக்குக் கால் இழக்கின்றனர் பேரன்மார். அன்று உடலை ஜப்பானியன் கொண்டுபோனான். இன்று எவனும் வந்து கேளாமலே நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தோட்டத்தில் பழைய ஆயாக்கொட்டகைக்குப் பின்புறம் சிறு வெளி ஒன்று உண்டு. ஓராண்டுக்கு முன் நண்பர் இருவருடன் சேர்ந்து, கழித்துப்போட்ட இரும்புக் குழாய்களை அனுமதி பெற்று எடுத்து, சிமிட்டியில் ஊன்றி, ஓர் ஒற்றைக்கம்பியும் ஓர் இணைக்கம்பியும் அமைத்தோம். கீழே ஆற்று மணல் கொட்டினோம். சுங்கைப் பட்டாணியில் உடற்கல்வி ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஞாயிறுதோறும் காலையில் வந்து கற்பிக்கிறார். ஆசிரியர் இல்லாமல் எவரும் கம்பியில் ஏறலாகாது என்பது முதல் விதி. பையன்கள் ஏழெட்டுப் பேர், பெண்மக்கள் இருவர். பெண்மக்கள் வருவதைப் பற்றி முதலில் முணுமுணுப்பு எழுந்தது. அவ்விருவரும் பையன்களைவிட நேராகக் கால் நீட்டிக் காட்டியபின் அது அடங்கிற்று.

ஒருநாள் ஒரு பையனின் தாய், உரக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, வெளியின் ஓரத்தில் நின்று என்னைக் கேட்டாள்: "ஐயா, இவன் இப்படித் தலைகீழாத் தொங்கினா நாளைக்குச் சோறு வருமா?"

கேள்வி நியாயமானது. வயிற்றை அறிந்தவள் கேட்ட கேள்வி. "வராதம்மா" என்றேன். "பின்ன எதுக்கு?" என்றாள். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில், பையன் இணைக்கம்பியின்மேல் இரு கைகளையும் ஊன்றி, உடலைத் தூக்கி, கால்களை முன்னே நீட்டி அசையாமல் நின்றான். மூன்று எண்ணும் நேரம் இருக்கலாம். தாய் பேசுவதை விட்டாள். "கை நடுங்குதுடா, இறங்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. அடுத்த ஞாயிறும் அவன் வந்தான். கையில் அவள் கொடுத்தனுப்பிய பழைய துண்டு இருந்தது, வியர்வை துடைக்க.

அவளுக்கு நான் சொல்லியிருக்கக் கூடிய விடை இதுதான். அந்த மூன்று எண்ணும் நேரம் அவன் உடல் எவர் கணக்கிலும் இல்லை. அதற்குக் கூலி இல்லை; ஆகையால் பிடித்தமும் இல்லை. ஏவியவனும் அவனே, செய்தவனும் அவனே. இவ்வுணர்வை ஒருமுறை அறிந்தவன் பிற்காலத்தில் தன் உடலை மதுக்கடையில் அடகுவைக்க எளிதில் இசையான். கூலியைக் குறைத்துக் கேட்பவன் முன்னும் கூனி நில்லான். கேடுகாலம் வந்து எலும்பாய்க் கிடக்க நேர்ந்தாலும், மீண்டு செல்ல ஓரிடம் உண்டென்பதை அறிந்திருப்பான். ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்புவது இதற்கெல்லாம் பின் வரும் செய்தி; வாராவிட்டாலும் நட்டமில்லை.

சுக்காரின் மெல்போர்னுக்குப் பின் போட்டியை விட்டு, கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டார். ஆர்மீனியக் குழுவுக்குச் சில காலம் பயிற்சி தந்தார். பின்னர்த் தாம் படித்த ல்வீவ் நிலையத்திலேயே ஆசிரியரானார். 1984 ஆகஸ்டு 25 இல் அந்நகரிலேயே காலமானார். அவ்வூரில் அவர் பெயரால் ஒரு தெரு உண்டு. மரியுபோல் ஆசிரியர் ஒருவர் தமக்குச் செய்ததை அவர் மற்றவர் மக்களுக்குச் செய்து முடித்தார். பதினொரு பதக்கங்களைவிட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கெடாவில் தமிழ்ப்பள்ளி இல்லாத வட்டாரம் அரிது. ஒவ்வொரு பள்ளியின் பின்னும் ஒரு கைப்பிடி நிலம் உண்டு. சிலம்பம் கற்பிக்கும் ஆசான்கள் கூலிமிலும் லூனாசிலும் பாடாங் செராயிலும் இன்னும் இருக்கின்றனர். திருவிழாவில் ஒலிபெருக்கிக்குச் செலவிடும் ஒருநாட் பணம் இரண்டு கம்பிகளுக்கும் மணலுக்கும் போதும். படித்தவர்கள் சட்டை மடிப்பைப் பாராமல் வந்து நிற்கட்டும். பெற்றோர் மகனோடு மகளையும் அனுப்பட்டும். முதல் ஆண்டு பன்னிரண்டாம் இடம் வருபவனை யாரும் நகையாதிருக்கட்டும். பேர் போடும் வேலை திங்கட்கிழமை எனக்குக் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையேனும் நம் மக்களின் உடல் அவர்களுடையதாக இருக்கட்டும்.